குறிபார்த்துச் சுட எந்த .22 செமி-ஆட்டோ? நான்கு வழிகள், நான்கு கணக்குகள்

"புது ரூகர் வாங்கி மெல்ல மெல்ல மாற்றிக்கொள்ளலாமா? ஸ்மித் அண்ட் வெஸன் 15-22 எடுக்கலாமா? தெரிந்தவர் பழைய மார்லின் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?" அமெரிக்காவில் குறிசுடும் பழக்கத்தைத் தொடங்கும் தமிழர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். மூன்றுமே .22 செமி-ஆட்டோ ரைஃபிள்கள்: 0.22 இன்ச் சின்னத் தோட்டா, ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒன்று சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். கடைக்காரரைக் கேட்டால் கையிருப்பில் இருப்பதைச் சொல்வார். நண்பரைக் கேட்டால் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். எந்தப் போட்டிக்கு, எந்தத் தோட்டாவில், எத்தனை டாலருக்குள் என்று பார்த்தால் விடை ஆளுக்கு ஆள் மாறும்.

கடைக்குப் போகும் முன் ஒரு விஷயம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுடுவதும் அதில் அடக்கம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நம்மவர்களுக்குப் பயன்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். கிரீன் கார்டு இருந்தால் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. கலிபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் (தோட்டா அடைக்கும் பெட்டி) கிடைக்காது. நியூயார்க், நியூஜெர்சி போன்ற இடங்களில் சில வடிவங்களுக்கே கட்டுப்பாடு உண்டு. பணம் கட்டுமுன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்.

## முதலில் அளவுகோல்கள்

எதற்காகச் சுடப்போகிறீர்கள்? .22 செமி-ஆட்டோவுக்குப் பொதுவாக மூன்று களங்கள்.

ஆப்பிள்சீட் என்ற ரைஃபிள் பயிற்சி முகாமில் 25 மீட்டரில் 40 தோட்டா, மொத்தம் 250 புள்ளி. 210 எடுத்தால் ரைஃபிள்மேன் பட்டை. நின்று, உட்கார்ந்து, படுத்துச் சுட வேண்டும். நடுவில் மேகசின் மாற்ற வேண்டும். ஸ்லிங் (கையில் சுற்றி இறுக்கும் வார்) இல்லாமல் போனால் பாதிப் பயிற்சி வீண். அங்கே கேட்கும் துல்லியம் 4 எம்ஓஏ (குண்டுகள் விலகும் கோண அளவு), அதாவது 25 மீட்டரில் சுமார் ஒரு இன்ச் சதுரத்துக்குள் எல்லாக் குண்டும் விழவேண்டும். நல்ல நிலையில் உள்ள எந்த .22-உம் இதைச் செய்யும்.

சிஎம்பி (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம்) அமைப்பின் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டி 50 கெஜத்திலும் 25 கெஜத்திலும் நடக்கிறது. 60 தோட்டா, 600 புள்ளி. வேகமாகச் சுடும் சுற்றில் ஐந்து தோட்டாவுக்கு செமி-ஆட்டோவுக்கு 25 வினாடி, கையால் போல்ட் (தோட்டாவின் பின்புறத்தை அடைக்கும் நகரும் கட்டை) இழுப்பவருக்கு 30 வினாடி. துப்பாக்கியின் எடை சைட்டோடு (குறிபார்க்கும் கருவி) சேர்த்து 7.5 பவுண்டைத் தாண்டக் கூடாது. ட்ரிகரை இழுக்கத் தேவைப்படும் விசை 3 பவுண்டுக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு எண்களும் பலருடைய திட்டத்தைக் கவிழ்த்துவிடும்.

ஸ்டீல் சேலஞ்ச் வேறு ரகம். ஐந்து இரும்புத் தட்டு, கடிகாரம், அவ்வளவுதான். தட்டுகள் பெரியவை, தூரம் குறைவு. அங்கே ஒரு தோட்டா சிக்கினால் அந்த ஓட்டமே போச்சு.

ஒலிம்பிக் பாணி 50 மீட்டர் போட்டிதான் உங்கள் கனவு என்றால் இந்தக் கட்டுரையை மூடிவிடலாம். அங்கே ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுச் சுடும் துப்பாக்கிதான்.

துல்லியமும் நம்பகமும் ஒன்றையொன்று இழுக்கும். .22 செமி-ஆட்டோவைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். இவற்றில் போல்ட் பூட்டிக்கொள்வதில்லை. அதன் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்குகின்றன. தோட்டா வெடித்த வேகத்தில் போல்ட் பின்னால் போய், காலிக் கூட்டைத் தள்ளிவிட்டு, அடுத்ததை ஏற்றிக்கொண்டு முன்னால் வரும். இது தடையில்லாமல் நடக்க சேம்பர் (சுடும்முன் தோட்டா உட்காரும் அறை) கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். குண்டு நேராகப் போகவோ சேம்பர் இறுக்கமாக இருக்க வேண்டும், குண்டின் மூக்கு பேரலுக்குள் (குழலுக்குள்) வெட்டிய சுழல் வரிகளைத் தொட்டபடி உட்கார வேண்டும்.

சாதாரணத் துப்பாக்கிகளில் தளர்ந்த ஸ்போர்ட்டிங் சேம்பர் இருக்கும். விலை கூடியவற்றில் மேட்ச் சேம்பர் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது பென்ட்ஸ் சேம்பர். மேட்ச் சேம்பரில் சுடாத தோட்டாவை வெளியே இழுத்தால், குண்டு வரிகளில் சிக்கிக்கொண்டு கூடு மட்டும் கழன்று வரலாம். மருந்து போல்ட்டுக்குள் கொட்டிவிடும். "சுடுவதை நிறுத்து, துப்பாக்கியைக் காலி செய்" என்று ரேஞ்ச் அதிகாரி அடிக்கடி சொல்லும் பயிற்சிகளில் இது பெரிய தொல்லை. சிசிஐ ஸ்டிங்கர் தோட்டாவின் கூடு வழக்கத்தைவிட நீளம். இறுக்கமான சேம்பரில் அதைப் போடவே கூடாது.

தோட்டா. ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 1,125 அடி. சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி 1,070 அடியில் கிளம்பி ஒலிக்குக் கீழேயே பறப்பதால் 50 கெஜத்தில் குரூப் (குண்டுகள் விழும் கூட்டம்) அடக்கமாக வரும். 1,235 அடியில் கிளம்பும் சிசிஐ மினி-மேக் போன்றவை போல்ட்டை நன்றாக ஓட்டும். ஆனால் வழியில் ஒலிவேகத்தைக் கடந்து இறங்கும்போது தடுமாறும். 25 கெஜத்தில் இந்த வித்தியாசம் தெரியாது, 50-இல் தெரியும். ஸ்டாண்டர்ட் வெலாசிட்டியில் உங்கள் துப்பாக்கி தடங்கலின்றி ஓடுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. பேரலின் பெயர் அப்புறம்.

ட்ரிகர், சுத்தம் செய்யும் வசதி, உதிரிபாகம். இவற்றை அந்தந்த இடத்தில் பார்ப்போம்.

## வழி 1: ரூகர் 10/22 வாங்கி, படிப்படியாக மாற்றுவது

1964 முதல் வருகிறது. பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின்தான் இதன் உயிர். தோட்டாவின் விளிம்பு ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கும் கோளாறு இதில் கிட்டத்தட்ட இல்லை. அடிப்படை மாடலான கார்பைன் 5 பவுண்டு எடை, 18.5 இன்ச் பேரல், சுமார் 300 டாலர். பேரல் இரண்டு ஸ்க்ரூவும் ஒரு வி-வடிவக் கட்டையும் கொண்டு பிடிக்கப்பட்டிருக்கிறது. அதனால் வீட்டு மேசையிலேயே பத்து நிமிடத்தில் மாற்றலாம். இத்தனை உதிரிபாகம் கிடைக்கும் .22 வேறு எதுவும் இல்லை.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட்டால் என்ன குறை? ட்ரிகர் ஏறக்குறைய 6 பவுண்டு, மணலில் இழுப்பதுபோல் இருக்கும். முன்பக்கம் பேரலை ஸ்டாக்கோடு (தோளில் வைக்கும் கட்டை) கட்டும் பட்டை பேரலை அழுத்தும். ஸ்லிங்கை இறுக்கினால் குண்டு விழும் இடம் நகரும். ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) பின்புறம் மூடியிருப்பதால் பேரலை வாய்ப்பக்கத்திலிருந்துதான் துடைக்க வேண்டும். இரும்புக் கம்பியை அப்படி விட்டு விட்டு எடுத்தால் பேரலின் வாய் விளிம்பு தேயும், அதோடு துல்லியமும் போகும். கம்பிக்குப் பதில் சேம்பர் பக்கமிருந்து இழுக்கும் நைலான் கயிறு போதும்.

பணம் செலவழிக்க வேண்டிய வரிசை இது:

1. ஸ்லிங், அதை மாட்டும் வளையங்கள்: 35 டாலர். கார்பைனில் வளையம் வருவதில்லை.
2. பீப் சைட் (சிறு துளை வழியே பார்த்துக் குறிவைப்பது): சுமார் 75 டாலர். முன்பின் சைட்டுக்கு நடுவே தூரம் கூடுவதால் குறி தெளியும்.
3. ரூகரின் பிஎக்ஸ் ட்ரிகர்: சுமார் 90 டாலர். இரண்டு ஊசியைத் தட்டினால் பழையது வெளியே, புதியது உள்ளே.
4. கூடுதல் மேகசின் மூன்று: 60 டாலர்.
5. கூர்மையான எக்ஸ்ட்ராக்டர்: 15 டாலர். காலிக் கூடு வெளியே வராமல் சிக்கும் கோளாறில் பெரும்பங்கு இந்தச் சின்னக் கொக்கியால்தான்.

துப்பாக்கியோடு சேர்த்து 575 டாலர். ஆப்பிள்சீட்டுக்கு இதற்கு மேல் ஒரு காசும் தேவையில்லை. பலர் இங்கே நிற்காமல் கனமான பேரலுக்கு 200, ஸ்டாக்குக்கு 150 என்று போய் 925-இல் வந்து நிற்பார்கள். அதே பணத்துக்குத் தொழிற்சாலையிலேயே சீராகச் செய்து கொடுத்த துப்பாக்கி கிடைத்திருக்கும். பேரலை மாற்றினால் ஸ்டாக்கின் பள்ளத்தையும் அகலமாக்க வேண்டும் என்பது பெட்டி வீட்டுக்கு வந்தபிறகுதான் பலருக்குத் தெரியும்.

சிஎம்பி போட்டிக்குப் போகிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று. பிஎக்ஸ் ட்ரிகர் 2.5 முதல் 3 பவுண்டுக்குள் விழும்படி செய்யப்பட்டது. போட்டியின் கீழ்வரம்பு 3 பவுண்டு. எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது ட்ரிகர் விழுந்துவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான். முந்தின வாரமே வீட்டில் எடை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

## வழி 2: தொழிற்சாலையிலேயே தயாரான 10/22 டார்கெட், காம்பெடிஷன்

டார்கெட் மாடலில் 20 இன்ச் கனப் பேரல், பிஎக்ஸ் ட்ரிகர், லேமினேட் கட்டை ஸ்டாக். சைட் கிடையாது, ஸ்கோப் போட்டே ஆக வேண்டும். எடை சுமார் 7.5 பவுண்டு. பெஞ்சில் மணல்மூட்டை மேல் வைத்துச் சுடுபவருக்கு அந்த எடை வரம். சிஎம்பி ஸ்போர்ட்டருக்கு ஆகாது. ஸ்கோப்பும் மாட்டும் வளையமும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும். "டார்கெட்" என்ற பெயரை நம்பி வாங்கிவிட்டுப் போட்டிக் களத்தின் தராசு முன் நிற்பது வேண்டாம்.

காம்பெடிஷன் மாடல் 16 இன்ச் பேரலோடு வருகிறது. ரிசீவரின் பின்னால் துடைக்க ஓட்டை, ஸ்கோப்புக்கு ரிசீவரோடு சேர்ந்த பட்டை, ஸ்டாக்கில் கூடுதல் பிடிமானம் எல்லாம் உண்டு. சாதாரண 10/22-இன் ரிசீவரை ஸ்டாக்கோடு பிடிப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. பேரல் கனமானால் அது முன்னால் தொங்கும், ஸ்க்ரூ இறுக்கம் மாறும்போதெல்லாம் குரூப்பும் மாறும். அந்தத் தொல்லை இதில் குறைவு. ஸ்க்ரூவை எத்தனை இன்ச்-பவுண்டுக்கு இறுக்கினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்வது எந்த மாடலுக்கும் நல்லது. 15-இல் தொடங்கி இரண்டிரண்டாக ஏற்றி, குரூப் எங்கே சுருங்குகிறது என்று பாருங்கள்.

ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டாவில் இவை பெரும்பாலும் ஓடும். புதிதாக இருக்கும்போது ஸ்பிரிங் விறைப்பாக இருப்பதால், முதல் சில நூறு வேகமான தோட்டாக்களில் சுட்டுப் பழக்கியபின் மாறுவது நல்லது.

## வழி 3: ஸ்மித் அண்ட் வெஸன் எம் அண்ட் பி 15-22

2009-இல் வந்தது. ஏஆர்-15 (அமெரிக்காவில் பரவலான ராணுவப் பாணி ரைஃபிள்) வடிவம், ரிசீவர் பாலிமர், எடை ஐந்து பவுண்டு வாக்கில். சேஃப்டி, மேகசின் விடும் பொத்தான், போல்ட் விடும் பொத்தான் எல்லாம் ஏஆர்-15 இருக்கும் அதே இடங்களில். கடைசித் தோட்டா போனதும் போல்ட் பின்னாலேயே நிற்கும், மேகசின் காலி என்று கைக்கே தெரியும். (சாதாரண 10/22 நிற்காது. 'கிளிக்' என்று சத்தம் வந்தால்தான் காலி என்று புரியும்.) இரண்டு ஊசியை இழுத்தால் திறந்துகொள்ளும், பேரலைப் பின்னாலிருந்து துடைக்கலாம். மேகசினின் பக்கவாட்டில் உள்ள குமிழை இழுத்துப் பிடித்தபடி தோட்டாவைச் சொருகினால் விரல் நோகாது.

450 டாலர் வாக்கில் கிடைக்கும். மடங்கும் சைட்டுகள் கூடவே வரும். ஸ்டீல் சேலஞ்சுக்கு ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளியைக் காட்டும் சைட்) மாட்டினால் வேலை முடிந்தது. குடும்பத்தில் உயரம் வேறுபட்ட இரண்டு மூன்று பேர் சுடுவதாக இருந்தால், நீட்டிக் குறைக்கும் ஸ்டாக் பெரிய வசதி. சில மாநிலங்களுக்கு மட்டும் நீளம் மாறாத ஸ்டாக், 10 தோட்டா மேகசினோடு தனி வடிவம் வருகிறது.

குறை இரண்டு. பேரல் மெலிது, தொழிற்சாலை ட்ரிகர் கனம். 50 கெஜத்தில் ஒரு இன்ச் முதல் ஒன்றரை இன்ச் குரூப்தான் நியாயமான எதிர்பார்ப்பு. ஏஆர்-15 ட்ரிகர்கள் பல இதில் பொருந்தும், எல்லாமும் அல்ல. வாங்குமுன் அந்த ட்ரிகர் தயாரிப்பாளர் இந்த மாடலின் பெயரைச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். நல்ல ட்ரிகர் 100-இல் தொடங்கி 200-ஐத் தாண்டும். இரண்டாவது குறை ஸ்லிங். இறுக்கமாகக் கட்டினால் பாலிமர் முன்கைப்பிடி வளைய இடம் உண்டு. 25 மீட்டரில் ஸ்லிங்கோடு ஐந்து, ஸ்லிங் இல்லாமல் ஐந்து சுட்டு, இரண்டு குரூப்பும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று சோதியுங்கள். குரூப் திடீரென விரிந்தால் முதலில் பேரல் நட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

## வழி 4: பழைய மார்லின் மாடல் 60

1960 முதல் 2020 வரை லட்சக்கணக்கில் வந்த துப்பாக்கி. பதினாறு மெல்லிய வரி கொண்ட மைக்ரோ-க்ரூவ் பேரல். எதையும் மாற்றாமல் சுட்டால் கார்பைன் 10/22-ஐவிட இறுக்கமான குரூப் தரும் மார்லின்கள் ஏராளம். பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சுட மட்டும் என்றால், நல்ல நிலையில் கிடைத்தால் எடுங்கள்.

போட்டிக்கு வேண்டாம். தோட்டா பேரலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். மேகசின் மாற்றும் சுற்றில் நீங்கள் குழாயோடு போராடிக்கொண்டிருப்பீர்கள்.

வாங்குமுன் மூன்று இடம் பாருங்கள். குழாயில் நசுங்கல் இருக்கிறதா? ஒரு சின்னப் பள்ளமே தோட்டா இறங்குவதை நிறுத்திவிடும். போல்ட்டின் பின்னால் உள்ள பிளாஸ்டிக் பஃபர் மஞ்சளாகி வெடித்திருக்கிறதா? உடைந்த துண்டு உள்ளே விழுந்தால் போல்ட் சிக்கும். மாற்றுப் பாகம் மலிவுதான், வேறெந்தக் காரணமும் தேடுமுன் இதைப் பாருங்கள். மூன்றாவது, தோட்டா சேம்பருக்குள் ஏறும் பாதை தேய்ந்திருக்கிறதா?

## ஒரே பார்வையில்

| | 10/22 + மாற்றங்கள் | டார்கெட் / காம்பெடிஷன் | 15-22 | பழைய மார்லின் 60 |
|---|---|---|---|---|
| கையில் சுடத் தயாராக (டாலர், ஏறக்குறைய) | 575 | 700–1,100, ஸ்கோப்போடு | 450–650 | நிலையைப் பொறுத்து |
| ஆப்பிள்சீட் | மிக நன்று | கனம் கை கடுக்கும் | நன்று | சிரமம் |
| சிஎம்பி ஸ்போர்ட்டர் | நன்று, ட்ரிகர் எடை பார்த்து | டார்கெட் எடை வரம்பைத் தாண்டும் | டாக்டிகல் (ஏஆர் வடிவ) பிரிவில் | சிரமம் |
| ஸ்டீல் சேலஞ்ச் | நன்று | காம்பெடிஷன் நன்று | மிக நன்று | வேண்டாம் |
| பெஞ்ச், 50 கெஜம் | சுமார் | மிக நன்று | சுமார் | நன்று |
| துடைப்பது | முன்னாலிருந்து | காம்பெடிஷனில் பின்னாலிருந்து | பின்னாலிருந்து, எளிது | முன்னாலிருந்து |

விலைகள் கடைக்குக் கடை, மாநில வரிக்கு வரி மாறும்.

வோல்க்வார்ட்ஸன், கிட் போன்றவர்கள் 10/22 வடிவத்திலேயே முழுத் துப்பாக்கியாகச் செய்து ஆயிரத்துக்கு மேல் விற்கிறார்கள். அருமையான பொருள்தான். ஆனால் 50 கெஜத்தில் ஒரு இன்ச்சுக்குள் குரூப் எடுக்க முடியாதவருக்கு அந்தப் பணம் தோட்டாவாகப் போவதே மேல். 10 சென்ட் தோட்டா ஆயிரம் டாலருக்குப் பத்தாயிரம் வரும். வேகம் தேவையில்லை, சிறிய குரூப் மட்டும் போதும் என்பவர் செமி-ஆட்டோவையே விட்டுவிட்டு, சிஇசட் 457 போன்ற போல்ட் துப்பாக்கிக்குப் போவது புத்திசாலித்தனம். அதே விலையில் அது இந்த நால்வரையும் தாண்டும்.

## வாங்கியபின் 200 தோட்டாச் சோதனை

நான்கு வகைத் தோட்டா, வகைக்கு 50. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது முதல் 10–15 தோட்டாவைக் குரூப்பில் சேர்க்காதீர்கள். பழைய மெழுகும் ஈயமும் பேரலில் ஒட்டியிருக்கும், புதியது படிய வேண்டும். பிறகு ஐந்தைந்தாக ஐந்து குரூப், 50 கெஜத்தில். மூன்று தோட்டா குரூப் ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு பெருமைப்படலாம், முடிவெடுக்க அது உதவாது.

ஒவ்வொரு குரூப்பிலும் முதல் தோட்டா மட்டும் விலகி விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கையால் ஏற்றினீர்கள், மற்ற நான்கையும் போல்ட் ஏற்றியது. உட்காரும் விதம் வேறு என்பதால் இப்படி ஆகும். போல்ட்டைக் கையால் மெல்லத் தள்ளாமல், முழுக்க இழுத்து விட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

நடுவில் துடைக்காதீர்கள். எத்தனையாவது தோட்டாவில், எந்த மேகசினில், எப்படிச் சிக்கியது என்று எழுதுங்கள். மேகசின்களுக்கு 1, 2, 3 என்று பெயின்ட்டில் எண் போட்டிருந்தால் குற்றவாளி மேகசினா துப்பாக்கியா என்று அன்றே தெரியும். காலிக் கூடு புகைபோக்கிபோல் நிமிர்ந்து நின்று சிக்கினால் தோட்டாவுக்கு வேகம் போதவில்லை அல்லது உள்ளே அழுக்கு. கூடு சேம்பரிலேயே தங்கினால் எக்ஸ்ட்ராக்டர். ஊசித் தடம் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டாவின் குறை. .22-இல் தீமருந்து விளிம்புக்குள் சுழற்றி வைக்கப்படுகிறது, சில இடத்தில் படியாமல் போகும். துப்பாக்கியைக் குறிப்பக்கமே நீட்டியபடி 30 வினாடி காத்திருந்து அப்புறம் எடுங்கள். சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக 'பொத்' என்று வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, பேரலுக்குள் குண்டு தங்கியிருக்கிறதா என்று வெளிச்சம் விட்டுப் பார்த்தபிறகுதான் மறுபடி.

நான்கில் எது சிக்காமல் ஓடி, ஐந்து குரூப்பின் சராசரியும் சிறியதாக வருகிறதோ, அதன் பெட்டியில் உள்ள லாட் எண்ணை (ஒரே தொகுப்பாகத் தயாரானதைக் காட்டுவது) குறித்துக்கொண்டு, அந்த லாட்டிலேயே 5,000 வாங்கி வையுங்கள். அடுத்த லாட் இப்படியே சுடும் என்று சொல்ல முடியாது.